தம்பி மாறிவிட்டான் என்று எழுதிய அக்காவுக்கு

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு 24 வயது. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு இரண்டு வருடம் வேலை தேடினான். கல்ஃபுக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்ற ஏஜெண்டிடம் அப்பா பணத்தைக் கொடுத்து ஏமாந்தார். அதன் பிறகு தம்பி ஓர் அமைப்பில் சேர்ந்தான். இப்போது ராத்திரி இரண்டு மணி வரை போன். வாயைத் திறந்தால், 'அவங்க நம்மள அழிக்கப் பாக்குறாங்க' என்றுதான் ஆரம்பிக்கிறான். போன மாதம், வேற்று மதத்தவரான பக்கத்து வீட்டுச் சித்தி பண்டிகைக்குக் கொடுத்துவிட்ட பலகாரத்தைத் தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டான். அந்தச் சித்தி கையைப் பிடித்துத்தான் அவன் பள்ளிக்கூடத்துக்கே நடந்தான். இவ்வளவு படித்தவன் எப்படி இப்படி ஆனான்? பேசினால் சண்டையில் முடிகிறது. போலீசில் சொல்லிவிடலாமா என்று அப்பா கேட்கிறார். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

எந்த மதம், எந்த அமைப்பு என்பதைக் கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன், கடிதத்தையும் சுருக்கியிருக்கிறேன். தம்பியை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதே கடிதம் எனக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. நடுராத்திரி போன், 'அவங்க' என்ற பேச்சு, வாங்காமல் திருப்பிய பண்டிகைப் பலகாரம் எல்லாம் அப்படியே இருக்கும். சாமி பெயர் மட்டும் மாறும். பெயரைப் போட்டால் பாதிப் பேர், 'அது அந்த ஆட்களுடைய பிரச்சினை' என்று தாண்டிப் போய்விடுவார்கள்.

'இவ்வளவு படித்தவன் எப்படி' என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மாவட்டத்தில் இந்த ஆச்சரியம் கொஞ்சம் அதிகம். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய 92 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். படித்த பிள்ளை கெட்டுப்போகாது என்று நம்பித்தான் ரப்பர் வெட்டியும் வலை இழுத்தும் படிக்க வைத்தோம். ஆனால் உலகெங்கும் இதை ஆராய்ந்தவர்களுடைய முடிவு வேறு மாதிரி இருக்கிறது. பயங்கரவாதத்தில் இறங்கியவர்களின் பின்னணியை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ஆலன் குரூகர், வறுமையும் படிப்பின்மையும் இதற்கு நேரடிக் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார். கம்பெட்டா, ஹெர்ட்டாக் என்ற இரண்டு சமூகவியலாளர்கள், இஸ்லாமியத் தீவிரவாதக் குழுக்களில் இன்ஜினியர்கள் கணக்குக்கு மீறி இருப்பதைக் கவனித்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, கஷ்டப்பட்டுப் படித்தும் அதற்கேற்ற வேலையும் மதிப்பும் கிடைக்காமல் போன ஏமாற்றம். இதைப் படித்துவிட்டு பி.இ. என்றாலே ஆபத்து என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம்மூரில் வீட்டுக்கு ஒரு பி.இ. இருக்கிறது; அத்தனை பேரும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்து எழுதியது போல, இரண்டு வரி இருந்தது. ஜங்ஷனில் அமைப்பு வைத்த ஃபிளெக்ஸ் போர்டில் தம்பியின் படம் வந்திருந்தது. அவன் அதைப் போனில் எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினான். மேலே தலைவர்கள் ஆளுயரத்துக்கு நிற்க, கீழ் வரிசையில் இருபது முப்பது தலைகளுக்கு நடுவே ஸ்டாம்பு அளவுக்கு அவன் முகம். அம்மா கண்ணாடி போட்டுத் தேட, அவனே விரலால் பெரிதாக்கிக் காட்டினான். நீங்கள் இதை முக்கியம் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமான இடமே இதுதான்.

இரண்டு வருடம் அந்தப் பையன் எப்படி இருந்திருப்பான் என்று பாருங்கள். கல்யாண வீடு, துட்டி வீடு, டீக்கடை, எங்கே போனாலும் 'என்ன மக்கா, ஒண்ணும் ஆவல்லியா?' என்ற கேள்வி. கேட்டவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான். ஆனாலும் ஒவ்வொரு கேள்விக்கும் அவன் கொஞ்சம் குனிந்திருப்பான். அதன் மேல் விசா பணமும் போனது. அப்பா திட்டினாரா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. திட்டாமல் இருந்திருந்தால் அது அவனுக்கு இன்னும் பாரமாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் ஓர் அண்ணன் வந்து, 'வாங்க தம்பி, நீங்க படிச்ச ஆளு, உங்கள மாதிரி ஆளுங்கதான் வேணும்' என்றிருக்கிறார். கொடி கட்டும் வேலையோ, ரத்ததான முகாமில் பெயர் எழுதும் வேலையோ, பைக் பேரணியில் முன்னால் போகும் வேலையோ, ஏதோ ஒன்று கைக்கு வந்தது. போர்டில் முகமும் வந்தது.

ஆரி குருக்லான்ஸ்கி என்ற உளவியலாளர், தீவிரவாதத்துக்கு மூன்று சேர வேண்டும் என்கிறார்: 'நானும் ஒரு ஆள்' என்று உணர வேண்டிய ஏக்கம், அந்த மதிப்பை இன்ன வழியில் அடையலாம் என்று சொல்லும் ஒரு கதை, அந்தக் கதையை நம்பும் ஒரு கூட்டம். நாம் எப்போதும் நடுவில் இருக்கும் கதையோடு மட்டும் மல்லுக்கு நிற்கிறோம். என் அனுபவத்தில், கொள்கை பெரும்பாலும் கடைசியாக வருகிறது. முதலில் ஆட்கள் வருகிறார்கள், பிறகு வேலை வருகிறது, அதன் பிறகுதான் 'அவங்க' வருகிறார்கள். உள்ளே போகும்போது உங்கள் தம்பிக்குப் பக்கத்து வீட்டுச் சித்தி மேல் எந்த வெறுப்பும் இருந்திருக்காது. அங்கே இருக்க அவன் கொடுக்க வேண்டியிருந்த விலையாகத்தான் அந்த வெறுப்பு வந்தது. தட்டைத் திருப்பி அனுப்பியதும் சித்திக்குச் சொன்ன சேதி அல்ல, கூட்டத்தில் இருக்கும் அண்ணன்களுக்குக் காட்டிய ஒப்புதல் என்றே எனக்குப் படுகிறது.

கோபப்படுவதே தீவிரவாதம் என்று மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த மாவட்டமே கோபத்தில் உருவானது. மேலாடை அணியும் உரிமைக்காக, தோள்சீலைக்குப் போராடியவர்கள் கோபப்பட்டார்கள். 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டு வாங்கியவர்கள் கோபப்பட்டார்கள். 2017-இல் ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று டிசம்பரில் ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு கொதிப்பு இருந்திருக்கும்! ஆனால் அவர்கள் கேட்டது, காணாமல் போனவர்களைத் தேடு, நிவாரணம் கொடு, முதலமைச்சர் வந்து பார்க்கட்டும் என்பதைத்தான். பதில் சொல்ல வேண்டியவரிடம் கேட்டார்கள். நான் பார்க்கும் சோதனை இது ஒன்றுதான்: கோபத்தோடு ஒரு கோரிக்கை இருக்கிறதா, அது பதில் சொல்லும் பொறுப்புள்ளவரிடம் போகிறதா? கோரிக்கையே இல்லாமல், பிறந்த மதத்துக்காக ஒரு கூட்டத்தையே குற்றவாளி ஆக்கினால், அங்கேதான் பயப்பட வேண்டும்.

அது எங்கே போய் முடியும் என்பதும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 1982 மார்ச் 1 அன்று, மாசிக் கொடைத் திருவிழா நேரத்தில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தார்கள். கலவரம் அதோடு நிற்காமல் பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. குன்றக்குடி அடிகளார் வந்து ஊர் ஊராக நடந்து அமைதிக்குப் பாடுபட்டார்; நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அன்று வாட்ஸ்அப் கிடையாது. வாய்வழிச் செய்தியே போதுமானதாக இருந்தது. உங்கள் அப்பா அப்போது பையனாக இருந்திருப்பார். அந்த நாட்களில் ஊர் எப்படி இருந்தது, யார் யாரை ஒளித்து வைத்தார்கள், யாரோடு யார் பேச்சை விட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். அதை அவர் சொல்லட்டும். 'அதனால நீ இப்படிச் செய்யாதே' என்ற வால் மட்டும் வேண்டாம். கதையாகச் சொன்னால் போதும். தம்பி கேட்காதது போல இருந்தாலும் கேட்பான்.

இனி வீட்டுப் பேச்சு. இப்போது உங்கள் வீட்டில் நடப்பது எனக்குத் தெரியும். அவன் ஒரு வீடியோ காட்டுகிறான். நீங்கள் 'அது பொய், எடிட் பண்ணினது' என்கிறீர்கள். அவன் இன்னும் மூன்று காட்டுகிறான். ஒவ்வொரு சண்டைக்கும் அவன் தன் பக்கத்தை ஒப்பிக்கப் பயிற்சி எடுத்துக்கொள்கிறான். நீங்களே அவனுக்கு மேடை போட்டுக் கொடுக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். வீடியோவைப் பற்றி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் கேள்வியாகக் கேளுங்கள்: 'இது எந்த ஊருல எடுத்தது மக்கா? எப்பம் நடந்தது?' அவனுக்குப் பதில் தெரியாது. தெரியாது என்பதை நீங்கள் சுட்டிக்காட்டவும் வேண்டாம். கேட்டுவிட்டு, 'சரி, சாப்பிட வா' என்று எழுந்துவிடுங்கள். அந்தக் கேள்வி ராத்திரி இரண்டு மணிக்கு அவனிடம் தனியாக வேலை செய்யும். போனைப் பிடுங்குவது, வீட்டை விட்டுப் போ என்று கத்துவது, 'எங்க மானத்தை வாங்குற' என்று அழுவது, மூன்றும் அந்த அண்ணன்களுக்குச் செய்யும் உதவி. 'பாத்தியா, சொந்த வீட்டுலயே உன்னப் புரிஞ்சுக்கல' என்று சொல்ல அவர்கள் காத்திருக்கிறார்கள்.

இதை ஜெர்மனிக்காரர்கள் அழகாகச் செய்தார்கள். அங்கே நாஜிக் கும்பல்களிலிருந்து வெளியே வர விரும்புகிறவர்களுக்கு உதவும் எக்சிட் என்ற அமைப்பு 2000 முதல் இயங்குகிறது. 2011-இல் கெரா நகரில் நடந்த ஒரு வலதுசாரித் தீவிரவாத இசை விழாவில் அவர்கள் இலவச டி-ஷர்ட் கொடுத்தார்கள். மண்டையோடு, கொடி, முழக்கம் என்று கூட்டத்துக்குப் பிடித்த மாதிரியே இருந்தது. எல்லோரும் ஆசையாக வாங்கிப் போனார்கள். வீட்டில் போய்த் துவைத்ததும் அந்தப் படம் கரைந்து, உன் சட்டையால் முடிவது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம் என்ற வாசகம் தெரிந்தது. அவர்கள் அந்த இளைஞர்களோடு விவாதம் செய்யவில்லை. கூட்டத்தில் இருக்கும்போது அவமானப்படுத்தவும் இல்லை. தனியாக வீட்டில் இருக்கும் நேரத்தில், வெளியே ஒரு வாசல் இருக்கிறது என்று மட்டும் காட்டினார்கள். உங்கள் வீட்டில் அந்த வாசல் நீங்கள்தான். என்றைக்காவது அவனுக்கு அங்கே ஏதோ உறுத்தும். அன்றைக்கு 'நான் அப்பமே சொன்னேன்ல' என்று சொல்லமாட்டாள் அக்கா என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சித்தியிடம் நீங்கள் போனீர்களா? கடிதத்தில் இல்லை. போயிருக்காவிட்டால் இன்றைக்கே போங்கள். அடுத்த பண்டிகைக்கு உங்கள் வீட்டிலிருந்து பலகாரம் போகட்டும், அவன் கண் முன்னாலேயே போகட்டும். அவனைக் கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

ஆனால் பலகாரம் மட்டும் போதுமா என்றால் போதாது. இந்திய நகரங்களில் கலவரம் எங்கே நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்று ஒப்பிட்டு ஆராய்ந்த அஷுதோஷ் வர்ஷ்னே, கலவரம் கண்ட அலிகரையும் அமைதியாக இருந்த கோழிக்கோட்டையும் எல்லாம் எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பழக்கத்தைவிட, தொழிற்சங்கம், வியாபாரிகள் சங்கம் போல இரண்டு மதத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து காரியம் பார்க்கும் அமைப்புகள் இருக்கும் ஊர்களே வதந்தியைத் தாங்கி நிற்கின்றன என்பது அவருடைய முடிவு. நம்மூரில் மதநல்லிணக்கம் என்றாலே மூன்று மதப் பெரியவர்களை மேடையில் கைகோர்த்து நிற்க வைத்துப் படம் எடுப்போம். அந்தப் படத்தால் ஒரு பையனாவது திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் முறை வைத்து வண்டி எடுப்பவர்களும், மீனை ஏலம் எடுத்து உள்நாட்டுச் சந்தைக்குக் கொண்டு போகிறவர்களும் தினமும் அதைவிட அதிகம் செய்கிறார்கள். சண்டை போட்டால் அவர்களுக்கு அன்றைய பிழைப்பு போகும்.

தம்பி முன்பு ஃபுட்பால் ஆடுவான் என்று எழுதியிருக்கிறீர்கள். இராக்கில் சல்மா மூசா என்ற ஆய்வாளர் செய்த ஒரு பரிசோதனை 2020-இல் வெளியானது. ஐ.எஸ். கும்பலால் ஊரை விட்டு விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களை ஃபுட்பால் அணிகளாகப் பிரித்து, சில அணிகளில் முஸ்லிம் ஆட்டக்காரர்களையும் சேர்த்தார். கலந்து ஆடியவர்கள் பிறகும் முஸ்லிம் ஆட்டக்காரர்களோடு பயிற்சிக்குப் போனார்கள், அடுத்த சீசனிலும் கலப்பு அணிக்குப் பெயர் கொடுத்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் மேல் இருந்த தயக்கம் அப்படியே இருந்தது. எனக்கு இந்த இரண்டாம் பாதியும் பிடித்திருக்கிறது. மாயம் எதுவும் நடக்காது என்று நேர்மையாகச் சொல்கிறது. ஆனாலும் ஒரு பழைய டீம், ஒரு பழைய கூட்டாளி என்றால் சாதாரண விஷயம் அல்ல. அவனோடு பள்ளியிலிருந்து ஆடிய அந்த நண்பனை, நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒருவனை, கூப்பிட்டுப் பேசுங்கள். மதம் பற்றிப் பேச வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லை வாடா என்று அவன் கூப்பிட்டால் போதும்.

போலீஸ் விஷயத்தில் அப்பாவுக்குச் சொல்லுங்கள்: பேச்சு அளவில் இருக்கும்போது வேண்டாம். தீவிரமாகப் பேசுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருபோதும் வன்முறையில் இறங்குவதில்லை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் காவல்துறையும் மாநகராட்சியும் சேர்ந்து, இப்படிப்பட்ட இளைஞர்களுக்கு வழிகாட்டி ஒருவரை வைத்துப் படிப்புக்கும் வேலைக்கும் உதவி செய்கிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பது சண்டை நடந்த பிறகு கூடும் அமைதிக் கூட்டமும் எஃப்.ஐ.ஆரும்தான். அதற்கு முந்தைய கட்டத்தில் குடும்பங்கள் நாடக்கூடிய ஏற்பாடு இங்கே பரவலாக இல்லை. இது அரசின் குறை, சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் சில அடையாளங்கள் தெரிந்தால் தயங்கக் கூடாது. ஆயுதம் கண்ணில் பட்டால், ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரையோ இடத்தையோ சொல்லி 'பாத்துக்கிடுவோம்' என்றால், எங்கே என்று சொல்லாமல் நாள் கணக்கில் போய் வந்தால், திடீரென்று கடனையெல்லாம் அடைத்து, பொருட்களைக் கொடுத்து, விடைபெறுவது போல நடந்தால், ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு நேராக எஸ்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். உள்ளூர் அரசியல்காரர் வழியாகப் போகாதீர்கள். அன்று நீங்கள் காப்பாற்றுவது தம்பியையும் சேர்த்துத்தான்.

ஒன்றை அவனிடம் மிரட்டலாக அல்லாமல் தகவலாகச் சொல்லலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 196-வது பிரிவு, மதத்தின் பெயரால் பகையைத் தூண்டுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. வழிபாட்டு இடத்தில் செய்தால் ஐந்து ஆண்டு வரை. சமூக ஊடகப் பதிவும் இதில் சிக்கும். வழக்கு நிலுவையில் இருந்தால் வெளிநாட்டு வேலைக்கு வேண்டிய பி.சி.சி., அதாவது போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ், கிடைப்பது கஷ்டம். ஃபார்வர்டு செய்யச் சொல்லும் அண்ணன்கள் அந்தப் பதிவுகளைத் தங்கள் எண்ணிலிருந்து போடுகிறார்களா என்று அவனையே கவனிக்கச் சொல்லுங்கள்.

தீவிரவாதம் ஒரு மனநோய் அல்ல. ஆனால் தம்பி தூங்குவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறீர்கள். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வர மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

கல்யாணம் வேண்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வேலையில்லாத பையனுக்குக் கல்யாணம் இன்னொரு அவமானத்தைத்தான் கொண்டு வரும், அதைத் தாங்குவதற்கு ஒரு பெண்பிள்ளையைக் கொண்டு வந்து விடுகிறீர்கள்.

அதைவிட அவசரமான ஒரு வேலை உங்கள் வீட்டில் முடியாமல் கிடக்கிறது. பணத்தை வாங்கி ஏமாற்றிய அந்த ஏஜெண்ட் மேல் யாரும் புகார் கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் தம்பி ஊரில் எல்லோர் மேலும் கோபப்படுகிறான், அந்த ஆள் மேல் மட்டும் கோபப்படவில்லை. அவனுடைய வாழ்க்கையில் நேரடியாக அநியாயம் செய்த ஒரே மனிதர் அவர்தான். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அப்பா அதை அமுக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். அதை எடுங்கள், எழுதும் வேலையைத் தம்பியிடம் கொடுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று அவனே பார்க்கட்டும். பணம் கொடுத்த தேதி, வங்கிக் கணக்கு விவரம், அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகள், ஆஃபர் லெட்டர் என்று கொடுத்த காகிதம், எதையும் அழிக்காமல் ஒரு ஃபைலில் சேருங்கள். நாகர்கோவிலில் எஸ்.பி. அலுவலகத்தில் மாவட்டக் குற்றப்பிரிவுக்கு ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு, சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒரு நகல். அப்பா கையெழுத்துப் போடட்டும், வரிசையில் தம்பி அவரோடு நிற்கட்டும். ரசீது வாங்காமல் வந்துவிடாதீர்கள்.